அறுபத்தைந்தில் தொடங்கும் எழுத்துகள்

"கடிகாரம் கெட்டுப் போனா கடிகாரக் கடைக்கில்ல போகணும்? துப்பறியற இடத்துக்கு வந்திருக்கீங்களே."

"அது கெட்டுப் போகல மேடம். பேசுது. எனக்குத்தான் புரியல."

சனிக்கிழமை நடந்த பேச்சு அது. தௌலத்தின் காதை விட்டு இன்னும் இறங்கவில்லை.

அன்று அவள் எதிரில், மழையில் நனைந்த நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்தவள் பெயர் நக்லா. முப்பத்தைந்து வயதிருக்கும். கைபேசியில் எடுத்த ஒரு படத்தை மேசையில் வைத்தாள். ஐந்து வேளைத் தொழுகை நேரத்தையும் காட்டும் சுவர்க் கடிகாரம். அலெக்சாந்திரியாவில் அது இல்லாத வீடு குறைவு. ஆனால் இது கடையில் வாங்கியதல்ல, நக்லாவின் கணவன் இஹாப் தன் கையால் செய்தது. நேரங்களுக்குக் கீழே எழுத்து ஓடுவதற்கென்று ஒரு நீளப் பட்டை வைத்திருந்தான்.

"கல்யாணத்துக்கு ஆளாளுக்கு பிரிட்ஜ், வாஷிங் மெஷின்னு வாங்குவாங்க. இவர் இதைக் கொண்டாந்து மாட்டினார். ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எதையாவது அனுப்புவார். 'நக்லா, இன்னிக்கு மீன் வேணாம்'னு ஓடும். 'நக்லா, உங்கம்மா கேட்டா நான் ஊர்ல இல்ல'ன்னு ஓடும். அம்மா அதுக்கு நேர் எதிர்ல உக்காந்து படிச்சுக்கிட்டிருப்பாங்க."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இஹாபுக்கு வேலை போயிற்று. கைபேசிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவன், கடலுக்கு அக்கரையில் வேலை தேடிக்கொண்டு உன்னையும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரவோடு இரவாகக் கிளம்பும் படகுகளில் ஒன்றில் ஏறினான். அதோடு சரி. போனும் இல்லை, பேச்சும் இல்லை. கடிகாரத்தின் அடிப்பட்டை அன்றிலிருந்து இருட்டாகவே கிடந்தது. போன வாரம் மாலை மஃரிப் பாங்கு முடிந்ததும் அது திடீரென்று ஒளிர்ந்தது. எழுத்து இல்லை. எண்கள் ஓடின. அதற்குப் பிறகு தினமும் அதே வேளையில் அதே எண்கள்.

"அவர்தான் அனுப்பறார். எந்தக் கரையில இருக்கார்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நவ்வா ஓய்ஞ்சதும் ஒரு படகு போகுது. எனக்கும் ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன்."

தௌலத்தின் பேனா நின்றது. நவ்வா என்பது குளிர்காலத்தில் இந்த ஊரைப் பிடித்து உலுக்கும் புயல்மழை. அது ஓயும்வரை எந்தப் படகும் நகராது. ஓய்ந்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காது.

"நீங்களா? அந்தப் படகுலயா?"

"அவர் போனாரே."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். "இன்னொண்ணும் கேக்கணும்."

"கேளுங்க."

"உங்ககிட்ட இல்ல. கேக்க வேண்டிய ஆள் வேற. மூணு வருஷமாத் தொண்டையில நிக்குது. விடுங்க."

மறுநாள் கடலோர அன்ஃபூஷியில் அவள் வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தின் உள்ளே இருந்த நிரலைத் தௌலத் நகலெடுத்து வந்தாள். அங்கே காப்பி கொடுத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரியான தௌலத் 'சாதா, சர்க்கரை இல்லாம' என்று சொன்னதுதான் தாமதம், நக்லா தலையை ஆட்டினாள்.

"இந்த வீட்டுல சாதா கிடையாது மேடம். அது துக்க வீட்டுக் காப்பி. ஒரு சிட்டிகையாவது சர்க்கரை போட்டுத்தான் தருவேன். இந்த வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சர்க்கரையில கரண்டி நட்டுக்கிட்டு நிக்கணும்."

"தம்பி இருக்காரா?"

"ரிஃபாத். மன்ஷிய்யாவுல போர்டு கடை. எங்க தெருப் பள்ளிவாசல் போர்டுகூட அவன் போட்டதுதான். வெள்ளிக்கிழமையானா மீன் வாங்கிட்டு வந்து நிப்பான். இப்பல்லாம் வர்றதில்ல. வேலை ஜாஸ்தியாம்."

*

வியாழக்கிழமை பிற்பகல். ரம்ல் டிராம் நிலையத்துக்கு எதிரே, மூன்றாவது மாடி ஆபீஸ். ஜன்னல் கண்ணாடியை மழை அறைந்துகொண்டிருந்தது.

தௌலத்தின் உதவியாளன் ஹைதம் ஒரு கையில் ஈரல் சாண்ட்விச்சும் மறு கையில் எண்கள் எழுதிய தாளுமாக உட்கார்ந்திருந்தான். முன்பு ஒரு வங்கியில் நிரல் எழுதியவன். 'உங்கள் கணக்கில் பணம் இல்லை' என்று வர வேண்டிய இடத்தில் 'கவலைப்படாதீங்க, எனக்கும் இல்லை' என்று எழுதி வைத்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

"சாண்ட்விச்சைக் கீழ வை. தாள்ல எண்ணெய் படுது."

"படட்டும் மேடம். எண்ணெய் பட்டா எழுத்து பின்பக்கமும் தெரியும். ரெண்டு பக்கமும் படிக்கலாம்."

"ஒரு பக்கத்தைப் படி முதல்ல."

அவன் உரக்கப் படித்தான். "65193, 65262, 65183, 65262, 65251. போன் நம்பரா? இல்ல. வங்கிக் கணக்கா? எந்த வங்கியும் இவ்ளோ எண்ணைத் தாங்காது."

"எல்லாமே அறுபத்தஞ்சுல ஆரம்பிக்குது, பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரே தெருவுல இருக்கற வீடுங்க மாதிரி இருக்கு. எண் வேற வேற, தெரு ஒண்ணு. அந்தத் தெருவுல யாரு குடியிருக்காங்க?"

ஹைதம் மெல்லுவதை நிறுத்தினான். தாளைப் பார்த்தான். தௌலத்தைப் பார்த்தான். பிறகு தன் நெற்றியில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டான். எண்ணெய்க் கைதான்.

"எழுத்துங்க குடியிருக்கு மேடம். கம்ப்யூட்டருக்கு எழுத்துன்னா என்னன்னே தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணைக் கொடுத்து வெச்சிருக்கோம். நாம பார்க்கறப்ப மட்டும் எண்ணை எழுத்தா மாத்திக் காட்டும். இந்தக் கடிகாரம் மாத்தாம அப்படியே துப்பிடுச்சு."

"உன்னால மாத்த முடியுமா?"

"பைதான் நிரல்ல ஒரே வரி. மில்லுல காப்பிக்கொட்டையைப் போட்டா தூள் வர்ற மாதிரி. இந்தப் பக்கம் எண், அந்தப் பக்கம் எழுத்து. எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்துட்டா வாக்கியம்."

எண்களைத் தட்டினான். ஒரு வரி எழுதினான். பொத்தானை அழுத்தினான். திரையில் அரபி எழுத்துகள் வந்து நின்றன. தால், வாவ், ஜீம், வாவ், மீம்.

"இது எந்த ஊர் பாஷை?" என்றாள் தௌலத்.

"மில்லு சரியாத்தான் அரைச்சிருக்கு. கொட்டையைத்தான் தலைகீழாக் கொடுத்திருக்காங்க." கடைசி எழுத்தை முதலில் வைத்துத் திருப்பி அடுக்கினான். மீம், வாவ், ஜீம், வாவ், தால். மவ்ஜூத்.

இருக்கிறேன்.

மற்ற எண்களையும் ஹைதம் மளமளவென்று போட்டுத் திருப்பினான். முழுச் செய்தியும் வந்தது.

'இருக்கிறேன் நக்லா. நீ வராதே. வீட்டிலேயே இரு. ஒரு நாள் நான் வருவேன்.'

தௌலத் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் தொலைந்தவர்களைத் தேடிப் போனதில் பாதிப் பேரை அவள் கல்லறையில்தான் கண்டுபிடித்திருக்கிறாள். உயிரோடு ஒருவன் அகப்படுவது அபூர்வம். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. சோற்றில் சின்னக் கல் நெருடுவது போல ஏதோ ஒன்று நெருடியது.

அவள் திரும்பியபோது ஹைதம் கைபேசியை மேசையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"யாருக்குப் போன்?"

"மதாம் நக்லாவுக்கு. நல்ல செய்தி மேடம், ஆறிப் போகக் கூடாதுல்ல."

"ஹைதம்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "என்ன சொன்ன?"

"உயிரோட இருக்கார்னு சொன்னேன். அவங்க தரையில உக்காந்த சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் 'எந்தக் கரை'ன்னு கேட்டாங்க. அதான் தெரியல, ஆனா உங்களை வர வேணாங்கறார்னு சொன்னேன். போனை வெச்சுட்டாங்க."

"வர வேணாம்னா நிப்பாளா அவ? இருக்கேன்னு சொன்ன அதே வாயால வராதேன்னா, நீந்தியாவது போவா." தௌலத் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப நான் கேக்கறதுக்கு ஜோக்கு இல்லாம பதில் சொல்லு. எழுத்தோட எண் எப்பவும் அறுபத்தஞ்சுலதான் ஆரம்பிக்குமா?"

"இல்ல மேடம். நம்ம எழுத்துக்குச் சாதாரணமா ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து அறுநூறு சொச்சம்தான் வரும். நாலு இலக்கம். நானோ இஹாபோ எழுதினா அதுதான் எழுதுவோம். இது..." அவன் பேச்சு மெதுவானது. "இது ஜோடிச்ச எழுத்து."

"புரியற மாதிரி சொல்லு."

"நம்ம எழுத்து ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும்ல? வார்த்தைக்கு முன்னால நின்னா ஒரு உருவம், நடுவுல நின்னா ஒரு உருவம். போனுக்கு அந்த அறிவு உண்டு, தானே கோத்துக்கும். மலிவான ஓடுற போர்டு இருக்கு பாருங்க, மைக்ரோபஸ் நெத்தியில, கசாப்புக் கடையில. அதுக்கு அந்த அறிவு கிடையாது. அதனால ஒவ்வொரு உருவத்துக்கும் தனி எண் இருக்கு, அந்த அறுபத்தஞ்சாயிரத் தெருவுல. எந்த உருவம்னு நாமளே பாத்துப் பொறுக்கிக் கொடுக்கணும். அதோட அந்த போர்டு இடமிருந்து வலமாத்தான் வரையும். நம்ம எழுத்து வலமிருந்து இடம். அதனால போர்டு செய்யறவங்க கடைசி எழுத்தை முதல்ல வெச்சு, திருப்பி அடுக்கித்தான் அனுப்புவாங்க. கை பழகிப் போயிடும்."

"இஹாப் செஞ்ச கடிகாரம் மலிவான போர்டா?"

ஹைதம் கடிகாரத்தின் நிரலைத் திரையில் விரித்தான். கொஞ்ச நேரம் மேலும் கீழும் நகர்த்தினான். ஓரிடத்தில் அவன் விரல் நின்றது. நிரலுக்கு நடுவே, இயந்திரம் கண்டுகொள்ளாத, மனிதர் படிப்பதற்கு மட்டுமே எழுதி வைக்கும் குறிப்பு வரி ஒன்று.

'எண் வேண்டாம், எழுத்தையே அனுப்பு. திருப்பி அடுக்காதே. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

தௌலத் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இதை எழுதினவன் இதுக்கு எண்ணை அனுப்புவானா?" என்றாள் தௌலத். "தான் கட்டின வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்னு தெரியாம ஒருத்தன் ஜன்னல் வழியா ஏறிக் குதிப்பானா?"

ஹைதமின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அனுப்பினது இஹாப் இல்ல."

"இல்ல. போர்டு செய்யற கை." கோட்டை மாட்டிக்கொண்டாள். "வா, மன்ஷிய்யாவுக்கு."

படியிறங்கும்போது ஹைதம் கைபேசியை எடுத்தான். "அவங்களுக்குப் போன் பண்ணித் தப்புன்னு சொல்லிடட்டுமா மேடம்?"

"ஒரு தடவை போன்ல உயிர் கொடுத்துட்ட. போன்லயே திருப்பி எடுக்காத."

*

தெருவில் இறங்கியபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. கடல் பக்கம் மேகம் கிழிந்து ஒரு துண்டு நீலம் தெரிந்தது. வானம் வெளுப்பதைப் பார்த்துத் தௌலத் நடையை எட்டிப் போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ரிஃபாத்தின் கடை ஒரு சந்துக்குள், காப்பிக் கடைக்கு எதிரே இருந்தது. உள்ளே சுவர் முழுக்க ஓடும் போர்டுகள். ஒன்றில் வறுத்த ஈரல் ஓடியது, ஒன்றில் பல் வைத்தியர் ஓடினார், ஒன்றில் சீதி பிஷ்ருக்குப் போகும் மைக்ரோபஸ் எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மேசைக்குப் பின்னால் முப்பது வயதில் ஒருவன். தாடி பல நாளாக மழிக்கப்படவில்லை. அவன் முன்னால் பச்சை எழுத்தில் ஒரு நீளப் போர்டு கிடந்தது. யாரோ ஒரு ஹாஜியின் பெயரும், மஃரிபுக்குப் பிறகு இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை என்ற அறிவிப்பும் அதில் ஓடின. பள்ளிவாசல் போர்டு.

"எங்க ஆபீஸுக்கு ஒரு போர்டு வேணும்," என்றாள் தௌலத்.

"என்ன போடணும்?"

"'தொலைந்தது கிடைக்கும்'னு போடுங்க," என்றான் ஹைதம். "கீழ சின்னதா, 'உதவியாளர் சம்பளம் மட்டும் கிடைக்காது'."

ரிஃபாத் சிரிக்கவில்லை. ஆனால் விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை. கடைக்கு வந்தவர்களை வெறுமனே நிற்க வைப்பதா என்று எதிர்ச்சாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ஸயீத் மாமா, மூணு காப்பி."

எதிரே இருந்த கிழவர் அடுப்பை விட்டுத் திரும்பாமலே கேட்டார். "விருந்தாளிங்களுக்கு எப்படி? உனக்கு வழக்கம் போல சாதாதான?"

"எனக்குச் சாதாதான்."

தௌலத் அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்புக் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்க வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் கரண்டி நட்டுக்கிட்டு நிக்கணும்னு கேள்விப்பட்டேனே. சாதாவுக்கு எப்ப மாறினீங்க?"

ரிஃபாத்தின் கை பச்சை எழுத்துகளின் மேல் அப்படியே நின்றது.

"நானே சொல்லட்டுமா? வெள்ளிக்கிழமை மீன் நின்னு போச்சுல்ல, அப்பத்திலேர்ந்து. சர்க்கரை வியாதி உங்களுக்கு இல்ல, எனக்குத்தான். நல்லாயிருக்கற ஆள் வழக்கமா சாதா குடிச்சா, அவர் வீட்டுல துக்கம்னு அர்த்தம். ஆனா உங்க அண்ணி வீட்டுல துக்கம் இன்னும் வரல. ஒரே குடும்பத்துல ஒருத்தர் மட்டும் எப்படித் தனியா துக்கம் காக்கறீங்க தம்பி?"

"யாரு நீங்க?"

"உங்க அண்ணி அனுப்பின ஆளு. கடிகாரத்துல ஓடற எண்ணைப் படிச்சுச் சொல்லச் சொல்லி என்கிட்ட வந்தாங்க."

"எண்ணா?" ரிஃபாத் நிமிர்ந்தான். "எண்ணாவா ஓடுது?"

அந்த ஒரு கேள்வியிலேயே அவன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கும் அது புரிந்தது. பக்கத்திலிருந்த போர்டின் ஒயரைப் பிடுங்கினான். அடுத்ததையும் பிடுங்கினான். ஈரலும் பல் வைத்தியரும் மைக்ரோபஸும் ஒவ்வொன்றாக அணைந்தன. பள்ளிவாசல் போர்டை மட்டும் அவன் தொடவில்லை.

"ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் போன் பண்ணினான்," என்றான். "அதே படகுல போனவன். கிரீட் தீவுல ஆஸ்பத்திரி, அப்புறம் முகாம்னு கிடந்து வந்தவன். என் நம்பரைத் தேடிப் பிடிச்சிருக்கான். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது மேடம். அன்ஃபூஷியில பொறந்தவன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க. காதுல தண்ணி போகும்னு கரையிலயே உக்காந்திருப்பார், நான் நீந்திட்டு வர்ற வரைக்கும் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு. படகு கவுந்தப்ப அவர் பக்கத்துல பிடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

காப்பி வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அன்னிக்கே போனேன், சொல்லிடணும்னு. அண்ணி கதவைத் திறந்ததும் என்னைப் பாக்க மாட்டாங்க. என் தோளுக்குப் பின்னாடி பாப்பாங்க. அவர் கூட வந்திருக்காரான்னு. எப்பப் போனாலும் அப்படித்தான். அந்தக் கண்ணுக்கு நேரா நான் எப்படிச் சொல்வேன்? மீனைக் கையில கொடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் போகல."

"கடிகாரம்?"

"அண்ணி படகுக்கு இடம் சொல்லியிருக்காங்கன்னு துறையில வேலை பாக்கற ஒருத்தன் சொன்னான். நான் போய் நின்னு தடுத்தா ஏன்னு கேப்பாங்க. அண்ணன் சொன்னா நிப்பாங்கன்னு நெனச்சேன். அந்தக் கடிகாரத்தோட பாஸ்வேர்ட் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என் போர்டெல்லாம் எண்ணைக் கண்டதும் எழுத்தாக்கிடும். அதுவும் அப்படித்தான்னு..."

"அது எண்ணை எண்ணாவே காட்டும்," என்றான் ஹைதம். இந்தத் தடவை அவன் குரலில் விளையாட்டு இல்லை. "'எழுத்தையே அனுப்பு, திருப்பி அடுக்காதே'ன்னு உங்க அண்ணன் உள்ள எழுதி வெச்சிருக்கார்."

ரிஃபாத் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு கோணியது.

"எனக்குத்தான் எழுதினது அது. நாங்க இதுக்கே சண்டை போடுவோம். 'ஏன்டா நல்ல எழுத்தைத் தலைகீழா நிக்க வைக்கற'ம்பார். 'என் போர்டு முட்டாள் போர்டுண்ணே'ம்பேன். 'மிச்சத்தை நான் பாத்துக்கறேன், நீ நேரா எழுது'ம்பார்." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "நேரா எழுத வரலையே மேடம் எனக்கு."

தௌலத் அவன் தோளில் கை வைத்தாள். "இன்னிக்கு எழுத வேண்டாம். நேராச் சொல்லு, போதும். கடல் ஓய்ஞ்சுட்டு வருது. அவ பையைக் கட்டியிருப்பா."

*

கட்டித்தான் வைத்திருந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பை நின்றது. நக்லா தலைக்குக் குளித்து, நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்துவிட்டாள்.

முதலில் தௌலத்தைப் பார்த்தாள். பிறகு ஹைதமை. பின்னால் மாடிப்படியில் நின்ற ரிஃபாத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மலர்ந்த கையோடு கண் அவன் தோளைத் தாண்டிப் போயிற்று. படிக்கட்டில் யாரும் இல்லை. கண் மெதுவாகத் திரும்பி வந்தது.

எல்லாரும் உள்ளே போனார்கள். யாரும் உட்காரவில்லை. சுவரில் கடிகாரம் மஃரிபுக்குக் காத்துக்கொண்டிருந்தது. வரும் வழியெல்லாம் தௌலத் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். தேவைப்படவில்லை.

"அண்ணி, அந்த எழுத்து என்னுது," என்றான் ரிஃபாத். "அண்ணனுது இல்ல."

நக்லா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீங்க போயிடக் கூடாதுன்னு நான்தான் அனுப்பினேன். அண்ணன் போயிட்டார் அண்ணி. போனப்பவே போயிட்டார். அக்கரையே சேரல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒண்ணரை வருஷமா."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தோ என்னவோ, அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். அவள் அடிக்கவில்லை. சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம், பாத்திரம், தீக்குச்சி. ஹைதம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அந்தப் போனைப் பண்ணியிருக்கக் கூடாது மேடம்," என்றான் மெதுவாக.

"ஆமா," என்றாள் தௌலத். அவனைத் தேற்றுவதற்கு அவளிடம் அப்போது வேறு வார்த்தை இல்லை.

நக்லா தட்டோடு வந்தாள். நீலக் கோட்டைக் காணோம். கழற்றி உள்ளே ஆணியில் மாட்டியிருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. நாலு சின்னக் கோப்பைகள். முதல் கோப்பையைத் தௌலத்துக்குக் கொடுத்தாள். தௌலத் உதட்டில் வைத்தாள். பிறகு கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தாள்.

சர்க்கரை இல்லை. ஒரு சிட்டிகைகூட.

ரிஃபாத்தும் குடித்தான். ஒரு வாய்தான். அண்ணன் வீட்டில் முதல் தடவையாக அந்தக் கசப்பைக் குடித்தவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே குழந்தை போல விம்மினான். நக்லா அவன் கையிலிருந்து கோப்பையை வாங்கித் தட்டில் வைத்தாள். கொட்டிவிடுவான் என்று.

பாங்கு ஒலித்தது. முடிந்ததும் பட்டை ஒளிர்ந்தது. அறுபத்தைந்தில் தொடங்கும் எண்கள் ஒவ்வொன்றாக வந்து, நடந்து, சுவரின் ஓரத்தில் மறைந்தன. கடைசி எண் போகும்வரை நக்லா நின்று பார்த்தாள். இதுவரை எதையும் சொல்லாத எண்கள். இப்போது அவளுக்கு அவற்றைப் படிக்கத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்னும் இல்ல. தெரியாதுன்னும் இல்ல," என்றாள், யாரையும் பார்க்காமல். "ரிஃபாத், தெருமுனைப் பள்ளிவாசல் போர்டு உன் கையில்தான இருக்கு?"

"ஆமா அண்ணி."

"மூணு வருஷமா அந்தப் பக்கம் போறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறேன். யார் பேராவது ஓடிக்கிட்டிருக்கும். நீ மீனோட வந்து நின்னப்பல்லாம் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். கேட்டுட்டா நானே அவரை அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடுமேன்னு முழுங்கிடுவேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவன் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. உடம்பு இல்லாட்டியும் பரவாயில்ல, எல்லாரும் நின்னு அவருக்குத் தொழட்டும். அவர் பேரை அந்தப் போர்டுல போடு தம்பி."